உடுத்திய துணி மீண்டும் நூலாகுமா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் கட்டிங் பிரிவு. நீண்ட மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கர் காகிதத்தை வைத்து வெட்டுகிறார்கள். முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப் பட்டி எனத் துண்டுகள் பிரிந்து தையலுக்குப் போகின்றன. மேசையில் மிஞ்சுபவை வளைவும் கோணலுமான வெட்டுத்துண்டுகள். நூறு கிலோ துணியை வெட்டினால் பத்து முதல் பதினைந்து கிலோ இப்படி மிஞ்சும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குப் பெயர் 'கட்டிங் வேஸ்ட்'. ஆனாலும் அதை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. மூட்டை கட்டி, கிலோ விலை பேசி விற்கிறார்கள். அதே துணியில் தைத்த டி-ஷர்ட் கப்பலேறி ஐரோப்பா போகிறது. அங்கே சில காலம் உடுத்திக் கழித்தபின் அதை விலை கொடுத்து வாங்க ஆளில்லை.

ஒரே துணிதான். உடலில் ஏறாத துண்டுக்கு விலை இருக்கிறது, உடுத்திய சட்டைக்கு இல்லை. ஆடைத்துறையில் சுழற்சிப் பொருளாதாரம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உலக அளவிலும் கணக்கு இதையே சொல்கிறது. எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆடை செய்யப் பயன்படும் மூலப்பொருளில் மீண்டும் ஆடையாகத் திரும்புவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மெத்தைப் பஞ்சாகவும் எந்திரம் துடைக்கும் துணியாகவும் தரம் தாழ்ந்து போவது 12 சதவீதம். 73 சதவீதம் குழியில் புதைக்கப்படுகிறது அல்லது எரிக்கப்படுகிறது. 2000க்கும் 2015க்கும் இடையில் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கிறது. அதே காலத்தில் ஒரு ஆடையை உடுத்தும் தடவைகள் 36 சதவீதம் குறைந்திருக்கின்றன.

சுழற்சிப் பொருளாதாரம் என்ற சிந்தனை நிறுவனங்களின் விளம்பரத்தில் பிறந்ததன்று. சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் வால்டர் ஸ்டாஹேல், ஜெனிவீவ் ரெடேயுடன் சேர்ந்து 1976இல் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். புதுப்பொருள் செய்வதைக் குறைத்து, இருப்பதைப் பழுது பார்த்து நீண்ட நாள் ஓட்டினால் எரிபொருள் மிச்சமாகும், மனிதருக்கு வேலை கிடைக்கும் என்பது அதன் சாரம். அந்தச் சிந்தனையில் ஒரு வரிசை இருக்கிறது. நீண்ட நாள் பயன்படுத்துவது முதலில், பிறகு பழுது நீக்குவது, பிறகு கைமாற்றுவது, எதற்கும் வழியில்லாதபோதுதான் பிய்த்து மறுபடி மூலப்பொருளாக்குவது. இன்றைய ஆடை நிறுவனங்கள் கடைசிப் படியை மட்டும் பிடித்துக்கொண்டு அதையே முழுச் சுழற்சி என்று காட்டுகின்றன. இந்தத் துறையில் நடக்கும் பெரும்பாலான குழப்பத்துக்கு வேர் இதுதான் என்பது என் எண்ணம்.

பிய்த்து நூற்பதும் புதிதன்று. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் 1813இல் கம்பளிக் கந்தலைப் பிய்த்துப் புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் முறையைக் கொண்டுவந்தார். 'ஷாடி' என்று அழைக்கப்பட்ட அந்தத் துணி பெரிய தொழிலானது. இத்தாலியின் பிராட்டோ நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பழைய கம்பளியிலேயே வாழ்கிறது. இன்று உலகின் பெரிய ஷாடி மையமாக ஹரியாணாவின் பானிப்பட் இருக்கிறது. இவை தழைத்ததற்குக் காரணம் எளிது: கம்பளிக்கு விலை உண்டு, கம்பளி இழை நீளமானது. பருத்தியில் இந்த இரண்டும் அவ்வளவு தாராளமாக இல்லை.

குடோனில் நடக்கும் வேலை

திருப்பூர் வட்டாரத்து வேஸ்ட் குடோன்களில் பெண்கள் துணிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பிரிக்கிறார்கள். வெள்ளை தனி, கறுப்பு தனி, நீலத்தில் வெளிர் தனி, அடர் தனி. அச்சுப் போட்ட துண்டு ஒதுங்கும். ஸ்டிக்கர், தையல் நூல், ரப்பர் பட்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு துண்டில் ரப்பர் போல் நீளும் லைக்ரா இழை கலந்திருக்கிறதா என்பதை அனுபவப்பட்ட கை இழுத்துப் பார்த்தே சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு நூலைப் பற்றவைத்துப் பார்ப்பது பழைய வழி: பருத்தி காகிதம் எரிவது போல் மணந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். கோடிக்கணக்கில் செலவிட்டு அகச்சிவப்புக் கதிர் கொண்டு துணி வகை அறியும் எந்திரங்களை ஐரோப்பாவில் நிறுவுகிறார்கள். அந்த வேலையை இங்கே தினக்கூலிக்குச் செய்கிறார்கள், பஞ்சுத் தூசிக்கு நடுவே. பருத்தித் தூசி ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நூற்பாலைத் தொழிலாளர் வரலாறு நன்கறிந்த செய்தி. சுழற்சியின் முதல் கண்ணி இந்தக் கைகள்தான். இவர்களுடைய கூலியையும் மூச்சையும் கணக்கில் எடுக்காத எந்தப் பசுமைச் சான்றிதழும் அரைகுறைதான்.

பிரித்த துணி ஓஇ மில்லுக்குப் போகிறது. ஓப்பன் எண்ட் என்பதன் சுருக்கம் அது. அங்கே முள் உருளைகள் துணியைக் கிழித்து மறுபடி பஞ்சாக்குகின்றன. சிக்கல் இங்கே தொடங்குகிறது. சங்கர்-6 போன்ற நம் பருத்தியின் இழை நீளம் சுமார் 29 மில்லிமீட்டர். கிழிபடும்போது அது பாதிக்கும் கீழே குறுகிவிடுகிறது. குட்டை இழையை வழக்கமான நூற்பு முறையான ரிங் ஸ்பின்னிங்கில் முறுக்கி நிறுத்துவது கடினம். சுழலும் ரோட்டாருக்குள் இழைகளை வீசி நூலாக்கும் ஓஇ முறை அதைத் தாங்கும். ஆனால் கிடைப்பது தடித்த நூல். பெரும்பாலும் 20ஆம் கவுண்டுக்குள்ளேயே நின்றுவிடும். நல்ல டி-ஷர்ட்டுக்கோ அதைவிட மெல்லிய 30ஆம் கவுண்டு வேண்டும். ஆகவே வெட்டுத்துண்டு மறுபடி டி-ஷர்ட் ஆக வேண்டுமானால் புதுப் பருத்தியோ பாலியெஸ்டர் இழையோ கணிசமாகக் கலக்க வேண்டும். கலக்காத நூல் ஈரோடு, கரூர், சென்னிமலைப் பக்கத்துத் தறிகளுக்குப் போய்த் துண்டாகவும் போர்வையாகவும் மிதியடியாகவும் மாறுகிறது, பின்னல் எந்திரத்தில் ஏறி வேலைக் கையுறையாகிறது.

இதைத் தரத் தாழ்வு என்று ஒதுக்கிவிடுபவர்கள் ஒன்றைப் பார்ப்பதில்லை. நிறம் பிரித்து நூற்ற நூலுக்குச் சாயம் போட வேண்டியதில்லை. நீலத் துண்டிலிருந்து நீல நூலே வருகிறது. பருத்தி வயலை விட்டு வந்தபின், பின்னலாடைத் தயாரிப்பில் தண்ணீரையும் உப்பையும் மிகுதியாக உறிஞ்சும் கட்டம் சாயமிடுதல். அந்தக் கட்டமே இங்கு விழுந்துவிடுகிறது. புதுப் பருத்தியில் ஒரு டி-ஷர்ட் செய்ய 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்று உலக இயற்கை நிதியம் பரப்பிய கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். அதில் பெரும்பகுதி வயலில் செலவாவது. வெட்டுத்துண்டு நூல் அந்த வயலையும் சாயத்தொட்டியையும் ஒருசேரத் தவிர்க்கிறது. எந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடமும் சொல்லித் தராமல், விலை ஒன்றையே வழிகாட்டியாகக் கொண்டு இந்த வட்டாரம் கட்டி எழுப்பிய தொழில் இது. கழிவுப் பஞ்சு விலை ஏறும்போது ஓஇ மில்கள் ஆட்டம் காண்கின்றன என்பதும், உற்பத்தியை நிறுத்திப் போராட வேண்டியிருக்கிறது என்பதும் அதன் மறுபக்கம்.

வெட்டுத்துண்டு ஏன் திரும்பி வருகிறது? அது சுத்தமானது, ஒரே இடத்தில் குவிகிறது, அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரியும். உடுத்திக் கழித்த சட்டையில் இந்த மூன்றும் இல்லை.

கலவை என்னும் முடிச்சு

ஒரு சாதாரண ஸ்ட்ரெச் ஜீன்ஸை எடுத்துப் பாருங்கள். பருத்தி, கொஞ்சம் பாலியெஸ்டர், இரண்டு சதவீதம் லைக்ரா. தையல் நூல் பாலியெஸ்டர். இடுப்பில் செயற்கைத் தோல் பட்டை, உலோக ரிவெட், ஜிப். உடலுக்குப் பொருந்த வேண்டும், விலை குறைய வேண்டும், சுருக்கம் விழக் கூடாது என்பதற்காகக் கலந்த ஒவ்வொரு பொருளும் துணியைத் திரும்ப நூலாக்கும் வழியை அடைக்கிறது. இரண்டு சதவீத லைக்ரா சின்னதாகத் தோன்றும். கிழிக்கும் எந்திரத்தில் அது ரப்பராக நீண்டு உருளையில் சுற்றிக்கொள்ளும். எந்தத் துணியில் சட்டை தைப்பது என்று வடிவமைப்பாளர் முடிவு செய்யும் நொடியிலேயே அது பத்தாண்டு கழித்து எங்கே போய்ச் சேரும் என்பதும் முடிவாகிவிடுகிறது. சுழற்சியைப் பற்றிப் பேச வேண்டிய முதல் இடம் குப்பைமேடு அன்று, வடிவமைப்பாளரின் மேசை.

நம்முடைய சேலையும் வேட்டியும் இந்த விஷயத்தில் கவனிக்கத்தக்கவை. தறியிலிருந்து இறங்கிய துணி வெட்டுப்படாமலே உடையாகிறது; கட்டிங் வேஸ்ட் என்பதே இல்லை. பருத்திச் சேலை கிழிந்தால் குழந்தைக்குத் தூளி, பிறகு அடுப்படிக் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி என்று படிப்படியாக இறங்கி மண்ணோடு கலந்தது. வறுமை ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. துணியின் தன்மையும் காரணம். இன்று பாலியெஸ்டர் சேலையும் நைட்டியும் வந்தபின் இந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, தரை துடைக்க உதவாது; சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகி ஒட்டும். வீட்டில் மறுபயன் இல்லாத துணி நேரே வாசல் குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது. சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளைத் தோண்டிப் பிரிக்கும் பணியில் கிடைக்கும் எரியக்கூடிய கழிவு, நெகிழியும் துணியும் கலந்து, சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகிறது.

உலக இழை உற்பத்தி 2023இல் 12.4 கோடி டன் என்று டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் கணக்கிட்டது. அதில் 57 சதவீதம் பாலியெஸ்டர், பருத்தி ஐந்தில் ஒரு பங்கு. பழைய துணியிலிருந்து வந்த இழை ஒரு சதவீதம்கூட இல்லை. 'மறுசுழற்சி பாலியெஸ்டர்' என்று சட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்பவர்கள் அறிய வேண்டிய ஒன்று: அந்த இழையில் ஏறத்தாழ முழுவதும், அதாவது 98 சதவீதம், பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வந்தது. பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம். அது ஏற்கெனவே இயங்கும் ஒரு சுழற்சி. அதைப் பிடுங்கிச் சட்டையாக்கினால் அந்தச் சட்டை அடுத்து எதுவுமாகாது, ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழையை உதிர்த்துக்கொண்டே போய் ஒருநாள் குப்பையாகும். பக்கத்து வீட்டு வட்டத்தை உடைத்துத் தன் வீட்டுக் கோட்டை நீட்டுவதை நான் சுழற்சி என்று ஏற்கமாட்டேன்.

வேதியியல் வழி இருக்கிறது. பருத்தியைக் கரைத்துக் கூழாக்கி, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் போல இழையாக இழுக்கலாம். நார் புதிதாகப் பிறப்பதால் குட்டை இழைப் பிரச்சினை இல்லை. ஹாங்காங் ஆய்வு நிறுவனம் ஒன்று ஹெச்&எம் அறக்கட்டளையின் துணையுடன் சூடான அழுத்த நீரில் பருத்தியையும் பாலியெஸ்டரையும் பிரிக்கும் எந்திரத்தை உருவாக்கியது. ஆனால் தொழில்நுட்பம் மட்டும் போதாது என்பதற்குச் சுவீடனின் ரினியூசெல் கதையைச் சொல்ல வேண்டும். பழைய பருத்தித் துணியிலிருந்து கூழ் செய்யும் அந்த நிறுவனம் 2022இல் சுண்ட்ஸ்வால் நகரில் ஆண்டுக்கு 60,000 டன் திறனுள்ள ஆலையைத் திறந்தது. உலகின் பெரிய பிராண்டுகள் ஆதரவுக் கடிதம் கொடுத்தன, மேடைகளில் பாராட்டின. வாங்கும் ஆணைகள் மட்டும் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. மரக்கூழ் மலிவு, பழைய துணிக்கூழ் அதைவிட விலை கூடியது. 2024 பிப்ரவரியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு ஒரு முதலீட்டு நிறுவனம் அதை வாங்கிச் சர்க்குலோஸ் என்று பெயர் மாற்றியது. எந்திரம் ஓடியது, வேதியியல் தோற்கவில்லை. கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்க யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான்.

நொய்யல் கற்றுத் தந்தது

நார் மட்டும் சுழன்றால் போதாது, தண்ணீரும் சுழல வேண்டும். இதில் திருப்பூரின் அனுபவத்தை உலகம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல், 1990களில் சாயக் கழிவின் வாய்க்காலாக மாறியது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும்; அந்த உப்புதான் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உத்தரவு நடைமுறைக்கு வராததால் 2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. துணிகள் சாயத்துக்காக வெளிமாநிலங்களுக்கு லாரி ஏறின, தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர்.

அந்த நெருக்கடியிலிருந்துதான் வழி பிறந்தது. தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. அருள்புரம் சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் சோதித்த முறை மற்ற நிலையங்களுக்கும் பரவியது. கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, சவ்வுகளின் வழியே பலமுறை வடித்தால் நல்ல தண்ணீர் பிரியும். மிஞ்சும் உப்புக்கரைசலைச் சுத்தப்படுத்தி அப்படியே சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால் அடுத்த சாயத்துக்கு அதே உப்பு உதவும். தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீண்டும் தொட்டிக்கே வருகிறது. சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல் நம் ஊர் மேடைகளில் புழங்கும் முன்பே நீதிமன்ற உத்தரவு ஒரு தொழில்நகரத்தின் தண்ணீரை வட்டமாக வளைத்துவிட்டது.

முழு வெற்றி என்று எழுத மனம் வரவில்லை. உப்புநீரை ஆவியாக்கும் கலன்களுக்கு விறகும் மின்சாரமும் ஏராளமாகத் தேவை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. சுத்திகரிப்பில் மிஞ்சும் சேறு சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. கெட்டுப்போன நிலத்தடி நீர் ஓர் உத்தரவால் நன்றாகிவிடாது. இத்தனை செலவையும் திருப்பூர்தான் சுமக்கிறது. கழிவை ஆற்றில் விட்டு மலிவாகச் சாயமிடும் ஊரின் துணியோடு ஒரே விலைப்பட்டியலில் நின்று போட்டி போட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு பையர் தன் ஆண்டறிக்கையில் திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையத்துப் படத்தைப் போடலாம். ஒரு பீஸின் விலையில் அதற்கென்று தனியே பணம் சேர்ப்பதில்லை. இந்தத் துறையில் நான் காணும் மிகப் பெரிய அநீதி இது.

பழைய துணி போகும் ஊர்கள்

கானாவின் தலைநகர் அக்ராவில் காந்தமாண்டோ சந்தைக்கு வாரம் சுமார் 1.5 கோடி பழைய ஆடைகள் வந்திறங்குகின்றன என்று அங்கே இயங்கும் 'ஆர் பவுண்டேஷன்' சொல்கிறது. அவற்றுள் நாற்பது சதவீதம் விற்க முடியாமல் குப்பையாகிறது என்பது அவர்கள் கணக்கு. கானா பழந்துணி வியாபாரிகள் சங்கம் இதை மறுத்து, வீணாவது ஐந்து சதவீதம் அளவுதான் என்கிறது. எது சரியென்றாலும் அந்நகரக் கடற்கரை மணலில் புதைந்து கயிறு போல் முறுக்கிக் கிடக்கும் துணிகள் கண்முன்னே இருக்கின்றன. அந்தச் சந்தையின் தையல்காரர்களும் சாயம் போடுபவர்களும் உலகின் திறமையான மறுபயன் தொழிலாளர்கள். கழுவி, தைத்து, வெட்டி, மாற்றி உயிர் கொடுக்கிறார்கள். 2025 புத்தாண்டையொட்டி அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் கருகியது. சிலியின் அடகாமா பாலைவனத்தில் கொட்டிக்கிடந்த ஆடை மலைகளின் படம் 2021இல் உலகெங்கும் பரவியது. கொடுப்பவருக்குத் தானம், பெறும் ஊருக்குச் சுமை.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டன் துணிக்கழிவு சேருகிறது, உலகக் கழிவில் இது 8.5 சதவீதம் என்று 'பேஷன் ஃபார் குட்' அமைப்பின் 2022 ஆய்வு மதிப்பிட்டது. பாதி நாம் உடுத்திக் கழித்தது, 42 சதவீதம் ஆலைக்கழிவு, இறக்குமதி 7 சதவீதம்தான். இதில் 59 சதவீதம் எப்படியோ ஒரு வழியில் துணித்தொழிலுக்கே திரும்புகிறது. பாத்திர வியாபாரியும் கந்தல் வியாபாரியும் குடோன் பெண்களும் சேர்ந்து சாதித்தது இது.

நம் தெருக்களிலேயே ஒரு பாடம் உண்டு. 'பழைய பட்டுச்சேலை வாங்குறோம்' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வருபவர் சேலைக்கு ரொக்கம் கொடுக்கிறார், காரணம் ஜரிகையிலுள்ள வெள்ளி. சாதாரண பழந்துணிக்குக் கிடைப்பது ஒரு பிளாஸ்டிக் குடம், சில நாள் அதுவும் இல்லை. விலையுள்ள பொருள் தானே திரும்பி வரும். விலையில்லாததைத் திரும்ப வைக்கச் சட்டம்தான் விலை கொடுக்க வேண்டும்.

வாடகைக்கு ஆடை, பழைய ஆடைச் செயலி, பழுது நீக்கும் கடை என்று பல முயற்சிகள் நடக்கின்றன. எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. பின்லாந்தின் எல்யூடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஒரு ஜீன்ஸைப் பயன்படுத்தும் ஐந்து வழிகளை ஒப்பிட்டார்கள். போக்குவரத்தால் வாடகை முறைதான் மிகுதியான வெப்பவாயுவை வெளியிட்டது. நீண்ட நாள் உடுத்தும் முறையே மிகக் குறைவாக வெளியிட்டது. பிரிட்டனின் ராப் அமைப்பு முன்னரே கணக்கிட்டிருந்தது: ஒரு ஆடையைக் கூடுதலாக ஒன்பது மாதம் உடுத்தினால் அதன் கரித்தடமும் தண்ணீர்ச் செலவும் கழிவும் 20 முதல் 30 சதவீதம் குறையும். எந்தப் புது எந்திரமும் இவ்வளவு மலிவாக இதைச் செய்யாது. ஆனால் நீண்ட நாள் உடுத்தினால் புது ஆடை விற்காது. வாரந்தோறும் புது வடிவம் இறக்கும் வணிகமும் சுழற்சியும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது. மறுசுழற்சி நாரில் தைத்தாலும், தேவைக்கு இரு மடங்கு தைத்தால் அது வீண்தான்.

யார் பணம் கொடுப்பது

ஐரோப்பா இப்போது சட்டத்தை எடுத்திருக்கிறது. பிரான்ஸ் 2007லேயே ஆடை விற்பவரைக் கழிவுக்கான கட்டணம் கட்டப் பொறுப்பாக்கியது. 2023 முதல் துணியையும் காலணியையும் பழுது பார்க்கக் கொடுப்பவருக்கு அந்த நிதியிலிருந்து தள்ளுபடி தருகிறது. 2018இல் பர்பெரி நிறுவனம் ஓராண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்த செய்தி வெளிவந்து பெரும் கண்டனம் எழுந்தது. விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டம் 2026 ஜூலை முதல் தடை விதிக்கிறது. வீட்டுத் துணிக்கழிவை 2025 தொடக்கத்திலிருந்து தனியே சேகரிக்க வேண்டும். உறுப்பு நாடுகள் அனைத்தும் உற்பத்தியாளரிடம் கட்டணம் வசூலிக்கும் திட்டத்தை 2028 வசந்தத்துக்குள் தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஆடையும் எதனால் ஆனது, எங்கே செய்தது என்று சொல்லும் டிஜிட்டல் அடையாளமும் வரப்போகிறது. அந்த விவரங்களைத் திரட்டித் தரும் வேலை திருப்பூரின் சிறு கம்பெனிகள் தலையில்தான் விழும். இந்தியாவில் நெகிழிப் பொதிக்கு 2022இல் உற்பத்தியாளர் பொறுப்பு விதி வந்தது; துணிக்கு அத்தகைய விதி இல்லை.

பின்னலாடை ஏற்றுமதியில் நாட்டின் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. இந்தப் பேச்சுவார்த்தையில் அதற்குக் குரல் வேண்டும். தமிழ்நாடு அரசு வேஸ்ட் குடோன் தொழிலாளர்களைப் பதிவு செய்து, தூசி கட்டுப்பாட்டையும் காப்பீட்டையும் கட்டாயமாக்க வேண்டும். மாநகராட்சிகள் துணியை மக்கும் குப்பையோடும் நெகிழியோடும் கலக்காமல் வாரம் ஒரு நாளாவது தனியாக வாங்க வேண்டும். ஈரமும் அழுக்கும் ஏறாத பருத்திக்கு ஓஇ மில்லில் இடம் உண்டு. வாங்குபவர்களாகிய நாம் சட்டையின் உள்பக்க லேபிளைத் திருப்பிப் பார்த்து, ஒரே நாரில் ஆனதைத் தேர்ந்தெடுத்து, கிழிந்த பின்பும் ஒரு முறை தையல்காரரிடம் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கோரிக்கை. பாரிஸிலும் பெர்லினிலும் ஒவ்வொரு சட்டைக்கும் வசூலிக்கப்படும் கழிவுக் கட்டணம் அந்த நாடுகளுக்குள்ளேயே தங்கிவிடக் கூடாது. அந்தச் சட்டைக்குச் சாயமிட்ட தண்ணீரைச் சுத்தம் செய்தது திருப்பூர், அதைக் கடைசியாகப் பிரித்துப் போடுவது அக்ரா. 2028க்குள் அந்தக் கட்டணங்களின் விதிகள் எழுதப்படும். ஏற்றுமதியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இந்திய அரசும் தங்கள் பங்கைக் கேட்க வேண்டிய நேரம் இதுவே.